ரவுண்ட் ஐலண்டுக்குப் போகும் மகளுக்கு

ரோஸ் ஹில், மொரிசியஸ்

அன்புள்ள கண்ணம்மா,

பறவைகளைப் படம் எடுக்க நீ படகு ஏறும் நாள் முடிவாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். இணையம் இருக்கும், படங்களை கிளவுடில் ஏற்றிவிடலாம் என்ற நினைப்போடு வடக்கே இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்குப் போகாதே. உன் ஐபேடும், படங்களைச் சேமிக்க வெளியே செருகும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் இருந்தால் போதும்.

ஆனால் படங்களை ஐபேடுக்குள்ளேயே சேர்த்து வைக்காதே. கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ஒரு ரா படம் 30 எம்பி என்றால் 64 ஜிபி கார்டில் சுமார் 2,000 படம். இரண்டு கார்டை இறக்குவதற்குள் உன் 128 ஜிபி ஐபேட் நிரம்பிவிடும். ஒரே துளையில் பல கருவிகளை இணைக்க உதவும் யூஎஸ்பி-சி ஹப் ஒன்றில் கார்டு ரீடரையும் எஸ்எஸ்டியையும் செருகி, ஃபைல்ஸ் செயலியில் கார்டிலிருந்து நேராக எஸ்எஸ்டிக்கு நகல் எடு. 2019-ல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து இந்த வசதி உண்டு. நாளுக்கு ஒரு ஃபோல்டர், தேதியே அதற்குப் பெயர். நகல் முடியும்வரை திரை அணையாமல் பார்த்துக்கொள், வயரைத் தொடாதே. முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார், நாலைந்து படங்களைத் திறந்தும் பார். அப்போதும் கார்டை அழிக்காதே. கார்டு போதாது என்றால் சொல், நான் வாங்கித் தருகிறேன்.

அப்புறம், அன்றன்று எடுத்ததை அன்று மாலையே பார்த்துவிடு. எனக்கு இதுதான் முக்கியம். கேமராவின் சின்னத் திரையில் கூர்மையாகத் தெரிந்த படம் ஐபேடில் பெரிதாக்கினால் மங்கலாக இருக்கும். பெட்ரல் என்ற கடற்பறவையின் காலில் அடையாளத்துக்கு மாட்டிய வளையத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க முடிகிறதா? முடியாவிட்டால் மறுநாளே அதே கூட்டுக்குத் திரும்பிப் போகலாம். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் என்ன செய்வாய்?

வெளிச்சம் சரியா என்பதற்கு மட்டும் திரையை நம்பாதே. இருட்டில் பார்க்கும்போது எந்தத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும். போன காவடிக்கு நீ எடுத்த படங்களை ராத்திரி பார்த்து நன்றாக இருக்கிறது என்றாய், காலையில் பாதி கருத்துக் கிடந்தது. அங்கே அப்படி ஆகக் கூடாது. அந்தத் தீவின் பெட்ரல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்தவை. கருத்ததும் உண்டு, வெளுத்ததும் உண்டு. இறகின் நிறம்தானே அங்கே தகவல்! ஐபேட் திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், ஆட்டோ பிரைட்னஸ் மூன்றையும் அணைத்துவிட்டு, படத்தின் வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் கேமராவின் ஹிஸ்டோகிராமைப் பார்த்து முடிவு செய். சிவப்பு வால் கொண்ட அந்த வெள்ளைக் கடற்பறவையை நடு வெயிலில் எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அதன் இறகு விவரம் ஒரேயடியாக வெளுத்துவிட்டால் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

ஆடுகளை 1979-லும் முயல்களை 1986-லும் முழுதாக அகற்றிய பிறகுதான் அந்தத் தீவின் செடிகொடிகளுக்கு விடிவு வந்தது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க, பழைய படங்களைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் படங்களையும் நாளைக்கு யாராவது அப்படித் தேடுவார்கள்.

இறங்கும் இடத்தில் படகிலிருந்து பாறைக்குத் தாவ வேண்டியிருக்கும். கார்டுகளை நீர் புகாத உறையில் போட்டு உன் உடம்போடு வைத்துக்கொள். எஸ்எஸ்டி வேறு பையில் இருக்கட்டும், இரண்டும் ஒரே பையில் வேண்டாம். ஐபேடின் சார்ஜ் துளையில் கடல்நீர் பட்டால் நன்றாகக் காயும்வரை எதையும் செருகாதே. பவர் பேங்கை மறக்காதே.

விதையோ எறும்போ தீவுக்குள் போய்விடக் கூடாது என்று பைகளைச் சோதிப்பார்கள். உன் கேமரா பையை முந்தின நாளே கொண்டு வா, மூலை முடுக்கெல்லாம் நானே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்கிறேன். ஹப்பையும் எஸ்எஸ்டியையும் எடுத்து வா, ஒரு தடவை இங்கேயே நகல் எடுத்துப் பார்த்துவிடலாம். அம்மா ரசம் வைக்கிறாளாம், சாப்பிடாமல் வரச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா