சிற்றலையில் எழுத்தும் படமும் வரும், தமிழ்தான் திணறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் முழுக்க முழுக்க இரங்கல் செய்தி. குரலையும் பாட்டையும் தவிர வேறெதையும் சிற்றலையால் சுமக்க முடியாது, அதனால்தான் இணையத்திடம் தோற்றது என்று கடைசியில் ஒரு தீர்ப்பு வேறு. அந்தத் தீர்ப்பு தவறு. எழுத்தும் வரும், கலர் படமும் வரும், அதுவும் புதிய கருவி எதுவும் வாங்காமல், வீட்டில் தூசி படிந்து கிடக்கும் சாதாரண சிற்றலை ரேடியோவிலேயே வரும். நான் வாராவாரம் பிடித்துப் படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா (விஓஏ) 2013 மார்ச்சில் 'விஓஏ ரேடியோகிராம்' என்று அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. தயாரித்து வழங்கியவர் கிம் ஆண்ட்ரூ எலியட். வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் ஒலிபரப்பு மையத்தில் இருந்த பழைய ஏ.எம். டிரான்ஸ்மிட்டர்களில்தான் போனது, அவற்றில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அவர் வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்துவார், உடனே ரேடியோவில் குழந்தை ஹார்மோனியத்தில் கைபோட்டது போல ஒரு சத்தம் ஓடத் தொடங்கும். விஷயம் தெரியாதவர்கள் செட் கெட்டுவிட்டது என்று அணைத்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தை எஃப்எல்டிஜி போன்ற மென்பொருள் ஓடும் கணினிக்கோ கைபேசிக்கோ கேட்கக் கொடுத்தால் திரையில் எழுத்து எழுத்தாகச் செய்தி வரும், நடுவே படமும் வரும். 2017 ஜூனில் அந்த நிகழ்ச்சி நின்றதும் எலியட் விட்டுவிடவில்லை, தனியார் நிலையங்கள் வழியாக 'ஷார்ட்வேவ் ரேடியோகிராம்' என்ற பெயரில் தொடர்ந்தார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவர் அதிகம் பயன்படுத்தும் முறைக்கு எம்.எஃப்.எஸ்.கே 32 என்று பெயர். பதினாறு ஸ்வரங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும், விநாடிக்கு 31 தடவைக்குச் சற்று மேலாக மாறும். பதினாறில் எது ஒலித்தது என்று தெரிந்தால் நான்கு பிட் (பிட் என்பது 0 அல்லது 1) கிடைத்துவிடும். ஆக விநாடிக்கு 125 பிட். அதில் சரிபாதியைப் பிழை திருத்துவதற்கென்றே ஒதுக்கிவிடுகிறார்கள், மிச்சம் 62.5 பிட்தான் நம் கைக்கு வருகிறது. இந்தச் சரிபாதியை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள் சிற்றலை கேட்டிருக்கவே மாட்டார்கள். அலை நேராக வருவதில்லை, மேலே வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது, அதுவும் ஒரே வழியில் இல்லை. ஒரு வழியில் வந்தது இன்னொரு வழியில் வந்ததை அடித்துவிடும்போது ஒலி அப்படியே அமுங்கிப்போகும், அடுத்த விநாடி மீண்டும் எழும்பும். அதனால் ஒரு எழுத்தின் பிட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல் காலத்தில் கலைத்துப் போட்டு அனுப்புகிறார்கள். அமுங்கல் வந்தால் பல எழுத்துகளில் ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும், அதைக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளலாம்.

பலன் என்னவென்று ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் புரியும். அறிவிப்பாளர் பேசுவது ஒரு வார்த்தைகூட விளங்காத அளவுக்கு இரைச்சல், பக்கத்து அலைவரிசைக்காரர் வேறு மேலே ஏறிப் பாடிக்கொண்டிருப்பார், ஆனால் திரையில் ஒரு கமாகூடப் பிசகாமல் பத்தி பத்தியாகச் செய்தி இறங்கிக்கொண்டிருக்கும். காதுக்கு எட்டாதது எழுத்தாக வந்து சேர்கிறது.

படத்தின் கதை வேறு. எழுத்தின் வரிசையிலேயே படத்தின் அகலம், உயரம், கலரா இல்லையா என்று சொல்லும் சின்னக் குறிப்பு ஒன்று முதலில் வரும். மென்பொருள் அதைப் பார்த்ததும் தானாக ஒரு பெட்டியைத் திறந்துகொள்ளும். பிறகு வரி வரியாகப் படம் நிரம்பும், ஒவ்வொரு வரியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடவை ஓடி முடித்தபிறகுதான் அடுத்த வரி. இங்கே பிழை திருத்தமெல்லாம் கிடையாது, வெளிச்சத்தின் அளவு அப்படியே ஸ்வரத்தின் ஏற்ற இறக்கமாகப் போகிறது. அதனால் வழியில் நடந்ததெல்லாம் படத்தில் தெரியும்: எங்கோ மின்னல் வெட்டினால் ஒரு கீற்று, ஒலி அமுங்கினால் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு பட்டை. அனுப்பிய கணினியின் கடிகாரமும் நம்முடையதும் நூலிழை ஒத்துப்போகாவிட்டால் படம் முழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், அப்புறம் மவுஸால் நிமிர்த்த வேண்டியிருக்கும். சின்னப் படம் ஒன்று முடிய ஓரிரு நிமிடம். கைபேசியில் வந்து விழும் பளபளப்பான படங்களைவிட இந்தக் கீற்று விழுந்த படத்தின் மேல்தான் எனக்குப் பிரியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சரி, வேகம்? எம்.எஃப்.எஸ்.கே 32-இல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 ஆங்கில வார்த்தைகள். ஒரு செய்தி வாசிப்பாளர் இதைவிட வேகமாக வாசித்துவிடுவார். ஆகவே வேகத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை. இணையம் அறுந்துபோகிற நாள், அல்லது வேண்டுமென்றே அறுக்கப்படுகிற நாள், அதற்காகத்தான். கம்பி வேண்டாம், கோபுரம் வேண்டாம், நடுவில் நின்று யார் எதைப் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் நிறுவனமும் இல்லை. யார் கேட்கிறார்கள் என்று அனுப்பியவருக்கே தெரியாது. நள்ளிரவில் ஆளில்லாமல் ரேடியோவையும் கணினியையும் ஓடவிட்டால் காலையில் எடுத்துப் படிக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காது கேளாதவர்களும் வானொலிச் செய்தியைப் படிக்கலாம், இதை யாரும் பெரிதாகப் பேசாதது ஆச்சரியம்.

உங்கள் கட்டுரையாளருக்கு இன்னொன்று. சிற்றலையில் படம் போவது இன்று நேற்று வந்ததல்ல. கப்பல்களுக்கு வானிலை வரைபடங்கள் பல பத்தாண்டுகளாக ரேடியோ ஃபேக்ஸில்தான் போகின்றன. 1500 ஹெர்ட்ஸ் என்றால் கறுப்பு, 2300 ஹெர்ட்ஸ் என்றால் வெள்ளை, அவ்வளவுதான் இலக்கணம். ஜப்பானின் கியோடோ செய்தி நிறுவனம் கடலில் இருப்பவர்களுக்காகச் செய்தித்தாள் பக்கத்தையே அப்படி அனுப்பிவந்திருக்கிறது. அதற்கும் முன்னால் 1938 டிசம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழ், சிற்றலைக்குச் சற்று மேலே 31.6 மெகாஹெர்ட்ஸில், தன் குட்டிப் பதிப்பை வானொலி வழியாக வீடுகளில் இருந்த இயந்திரங்களில் அச்சிட வைத்தது. செய்தித்தாள்காரர்களான உங்களுக்கு இது நினைவில் இருக்க வேண்டாமா?

இனி என் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். இத்தனையும் ஆங்கிலத்துக்கு. தமிழை அனுப்பிப் பார்த்தால் கதை கந்தலாகிவிடுகிறது.

காரணம் அயனி மண்டலத்தில் இல்லை, நம் எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையில் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடை வழக்கமாக அனுப்பும் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (எட்டு பிட்), தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'புயல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ப, உகரக் குறி, ய, ல, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். இது பாதிக் கதைதான். எம்.எஃப்.எஸ்.கே-இல் எல்லா பைட்டுக்கும் ஒரே நீளம் இல்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு நான்கைந்து பிட்டில் முடியும்படி குறுங்குறியீடு கொடுத்திருக்கிறார்கள், பைட்டின் 256 மதிப்புகளில் மேல் பாதியில் இருப்பவற்றுக்கோ பத்துப் பிட்டுக்குக் குறையாது. தமிழின் மூன்று பைட்டுமே அந்த மேல் பாதியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. விளைவு, ஆங்கிலத்தில் புயலைக் குறிக்கும் ஐந்தெழுத்துச் சொல் அரை விநாடிக்குள் போய்விடும், நம் 'புயல்' போய்ச் சேர இரண்டரை விநாடியாவது ஆகும். நீளமான தமிழ்ச் சொல் என்றால் ஐந்து விநாடி. ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு பதினைந்து சொற்கள் கிடைத்தால் பெரிது. அதோடு போயிற்றா என்றால் இல்லை, மூன்று பைட்டில் ஒன்று கெட்டாலும் குறி முழுவதும் போய் அந்த இடத்தில் கட்டமோ குப்பையோ வரும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார், இங்கே கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக உதிரும்போது ஊகிக்க என்ன இருக்கிறது?

இது கைபேசிக் குறுஞ்செய்தியில் நாம் ஏற்கனவே பட்ட பாடுதான். ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70. அப்போதும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, காசு கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

வழி இல்லாமலும் இல்லை. 1990களில் நம்மவர்கள் திஸ்கி, டாப், டாம் என்று ஒரு பைட் குறியீடுகளை உருவாக்கிப் புழங்கியவர்கள்தானே. யூனிகோட் வந்தபிறகு அவற்றை மூட்டை கட்டியது சரிதான், இணையத்தில் மறுபடி அந்தக் குழப்பம் யாருக்கும் வேண்டாம். ஆனால் விநாடிக்கு 62 பிட் மட்டும் ஓடுகிற குறுகிய பாதையில் யூனிகோடை அப்படியே தூக்கிக்கொண்டு போவது வீம்பு. அனுப்பும் இடத்தில் யூனிகோடைச் சுருக்கி, வாங்கும் இடத்தில் மறுபடி யூனிகோடாக விரித்தால் போதும், நடுவில் என்ன நடந்தது என்று படிப்பவருக்குத் தெரியவே தேவையில்லை. யூனிகோட் அமைப்பே வெளியிட்ட எஸ்.சி.எஸ்.யு. என்ற சுருக்கமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒரு பைட்டுக்குள் அடங்கும். அதையும் தாண்டி, தமிழில் அடிக்கடி வரும் க, த, உகரக் குறி, புள்ளி ஆகியவற்றுக்கு நான்கைந்து பிட்டில் குறுங்குறியீடு என்று ஒரு அட்டவணை போட்டுவிட்டால் ஆங்கிலத்தை நெருங்கிவிடலாம். அட்டவணை போடுவது பெரிய ஆராய்ச்சி இல்லை. உங்கள் நாளிதழின் ஒரு வருடச் செய்திகளைக் கணினியில் கொடுத்து எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் முதல் படி முடிந்தது. எஃப்எல்டிஜி என்கிற அந்த மென்பொருள் இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் நடக்கிற காரியம்.

அதுவும் வேண்டாம் என்றால் எழுத்தைப் படமாகவே அனுப்பும் முறை இருக்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் ஹெல் 1929-இல் காப்புரிமை பெற்ற ஹெல்ஷ்ரைபர் அதைத்தான் செய்தது. எழுத்தின் உருவத்தைப் புள்ளிகளாக வெட்டி அனுப்பும், மறுமுனையில் புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகத் தெரியும். இரைச்சல் வந்தால் அழுக்குப் படியுமே தவிர வேறு எழுத்தாக மாறாது, மிச்சத்தைக் கண்ணும் மூளையும் பார்த்துக்கொள்ளும். செய்தி நிறுவனங்கள் பல வருடம் இதை நம்பிப் பிழைத்தன. எழுத்துமுறை எதுவானாலும் அதற்குக் கவலை இல்லை, தமிழின் கொம்பும் காலும் உருவமாகத்தானே போகின்றன. வேகம் குறைவு, தேடவோ வெட்டி ஒட்டவோ முடியாது, என்றாலும் 'புயல் வருகிறது, படகுகள் வெளியே போக வேண்டாம்' என்ற அளவுச் செய்திக்கு இது தாராளம்.

டி.ஆர்.எம். டிஜிட்டல் வானொலி இருக்கும்போது இந்தப் பழைய வித்தை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அதில் எழுத்துச் சேவையும் உண்டு, நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனி ரிசீவர் வேண்டும், சிக்னலும் திடமாக வேண்டும். ஓர் அளவுக்குக் கீழே போனால் மொத்தமாக மௌனம். நான் பேசுவது ஏற்கனவே வீட்டில் இருக்கும் ரேடியோவைப் பற்றி.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். சிற்றலையில் இன்னும் தமிழ் ஒலிபரப்பும் நிலையங்கள் தங்கள் நேரத்தில் வாரம் ஒருமுறை மூன்று நிமிடம் எழுத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள். அன்றைய தலைப்புச் செய்திகளை நீங்களே கொடுக்க முன்வந்தால் இன்னும் நல்லது. அடுத்தது, அந்தக் கட்டுரையின் கடைசி வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

முயன்று பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு: ரேடியோவின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினியின் மைக் துளைக்கு ஒரு ஒயர் போதும், ஒயர் இல்லையென்றால் ஸ்பீக்கர் அருகில் கைபேசியை வைத்தாலும் வேலை நடக்கும், அறையில் யாரும் பேசாமல் இருந்தால் சரி. ஒலியைக் குறைவாகவே வையுங்கள், அதிகம் வைத்தால் ஸ்வரங்கள் கிழிந்துவிடும். எஃப்எல்டிஜியில் ஆர்.எக்ஸ்.ஐ.டி. (RxID) என்ற பொத்தானை அமுக்கிவிடுங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் வரும் சிறு அடையாள ஒலியைக் கேட்டு எந்த முறை என்று அதுவே மாறிக்கொள்ளும். பக்கத்தில் எல்.இ.டி. விளக்கோ சார்ஜரோ ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், பாதி இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு சிற்றலை நேயர்