இடக்கை வேட்டைத் துப்பாக்கிகள் எளிய விலையில் ஏன் கிடைப்பதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இடது கைப் பழக்கமுள்ளவர்களின் சிரமங்களைப் பற்றி எழுதுவோர் கத்தரிக்கோலையும், வலப்புறம் பலகை பொருத்திய வகுப்பறை நாற்காலியையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்த வரிசையில் அதிகம் இடம்பெறாத ஒரு பொருளைப் பற்றி, அதாவது வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி, எழுத விரும்புகிறேன். வேட்டைக்கு முறையாக உரிமம் வழங்கும் நாடுகளில் வாழும் வாசகர்களுள் சிலருக்கேனும் இது பட்டறிந்த விஷயமாக இருக்கும். வேட்டையை விரும்பாதவர்களும், பலருக்குத் தேவையான ஒரு பொருள் சந்தையில் எப்படி இல்லாமற்போகிறது என்று அறிவதற்காக இதைப் படிக்கலாம்.

வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவது போல்ட் வகை ரைஃபிள். ஒரு முறை சுட்டபின், தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் நகரும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். இந்தக் கைப்பிடியும், காலித் தோட்டா வெளியேறும் வாயும் பெரும்பாலான துப்பாக்கிகளில் வலப்புறமே இருக்கின்றன. வலக்கையர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், விசையிலிருந்து எடுத்த கையாலேயே போல்ட்டை இயக்கி, கண்ணைக் குறியிலிருந்து விலக்காமல் மறுபடியும் சுட முடிகிறது. இடக்கையரோ இடது கையைத் துப்பாக்கியின் மேலாகச் சுற்றி மறுபுறம் கொண்டுபோக வேண்டும். அப்போது துப்பாக்கி சாயும், தோளில் ஊன்றிக் கன்னம் பதிக்கும் கட்டையை விட்டு முகம் விலகும், தொலைநோக்கியில் தெரிந்த விலங்கு காணாமற்போகும். மேசைமீதோ தாங்கிமீதோ துப்பாக்கியைக் கிடத்திச் சுடும்போது மட்டும், விசையில் இடது கையை வைத்தபடியே வலது கையால் போல்ட்டை இயக்குவது உண்மையில் வசதிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டில் நின்றும் மண்டியிட்டும் சுடுகிறவருக்கு அந்தத் தாங்கி எப்போதும் வாய்ப்பதில்லை.

இதை வெறும் வசதிக் குறைவு என்று ஒதுக்குவோருக்கு இரண்டு செய்திகளை நினைவூட்ட வேண்டும். முதல் தோட்டா சரியான இடத்தில் படாமல் விலங்கு காயத்தோடு ஓடத் தொடங்கினால், அடுத்த தோட்டாவை விரைந்து செலுத்தி அதன் வேதனையை முடிப்பது வேட்டைக்காரரின் கடமை. அந்த ஓரிரு நொடிகளைத்தான் வலக்கைத் துப்பாக்கி இடக்கையரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. மற்றொன்று, சுடுபவரின் பாதுகாப்பு. இடக்கையர் கட்டையின் வலப்பக்கத்தில் கன்னத்தைப் பதிப்பதால், தோட்டா வெளியேறும் வாய் அவருடைய முகம் இருக்கும் பக்கத்திலேயே அமைகிறது. தோட்டாவின் அடிப்பகுதி வெடித்துக் கிழிவது மிக அரிது. ஆனால் அப்படி நேர்ந்தால் சூடான வாயு அந்தத் திறப்பின் வழியாகவும் பீறிடக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வலக்கைத் துப்பாக்கியைப் பயன்படுத்தும் இடக்கையரைக் காணும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும். இன்றைய போல்ட் வகை வேட்டைத் துப்பாக்கிகளுள் பல, 1898ஆம் ஆண்டின் மவுசர் ராணுவத் துப்பாக்கியின் வழித்தோன்றல்கள். படைவீரர்கள் அனைவரையும் ஒரே விதமாகப் பயிற்றுவித்த ராணுவங்களுக்கு இடக்கை வடிவம் தேவைப்படவில்லை. அவற்றைப் பின்பற்றிய வேட்டைத் துப்பாக்கிகளும் அதே வழியில் போயின. 1958இல் அறிமுகமான சேவேஜ் 110 என்ற போல்ட் வகை வேட்டைத் துப்பாக்கி, அதன்பின் விரைவிலேயே இடக்கை வடிவத்திலும் வந்து, பெருமளவில் தயாரிக்கப்பட்ட அத்தகைய துப்பாக்கிகளுள் முன்னோடியானது. அதற்கு முன்பு இடக்கையருக்கு இருந்த வழி, தனியே சொல்லிச் செய்வித்துக்கொள்வது. அது வசதி படைத்தவர்களுக்கே கைகூடியது.

வலது தோளிலிருந்து சுடப் பழகிக்கொண்டால் போயிற்று என்பது எனக்குப் பலமுறை கிடைத்த அறிவுரை. இதைச் சொல்பவர்கள் கையை மட்டும் பார்க்கிறார்கள், கண்ணை மறந்துவிடுகிறார்கள். மனிதர்களுள் பெரும்பாலோருக்கு ஒரு கண் மற்றதைவிட ஆதிக்கம் செலுத்துகிறது. இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு இடையே சிறு துளை விட்டு, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன் வழியே பார்த்தபடி கண்களை மாறி மாறி மூடினால் எது ஆதிக்கக் கண் என்று எவரும் கண்டுகொள்ளலாம். இடக்கண் ஆதிக்கம் உள்ளவர் வலது தோளிலிருந்து சுட்டால், இரு கண்களையும் திறந்து வைத்திருக்கையில் குறி தடுமாறும். ஒரு கண்ணை மூடிச் சமாளித்தால் சுற்றுப்புறத்தைக் காணும் பரப்பு குறையும். மக்கள்தொகையில் இடக்கையர் ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்றால், இடக்கண் ஆதிக்கம் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறார்கள். அவர்களுள் வலக்கையர் பலருக்கும் இடது தோளே ஏற்றது. ஆகவே இடக்கைத் துப்பாக்கியின் தேவையை இடக்கையரின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளப்பதே பிழையானது.

லீவர் வகைத் துப்பாக்கி வாங்கலாமே என்பது இரண்டாவது அறிவுரை. அதில் நியாயம் உண்டு. அடுத்த தோட்டாவை ஏற்ற இயக்கும் லீவர், அதாவது நெம்புகோல், அடிப்புறத்தில் இருப்பதால் இரு கையருக்கும் அது ஏறக்குறைய சமம். ஆனால் பழைய வடிவமைப்புகள் பலவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கூர்முனைத் தோட்டாவை அதில் இட்டால் அதன் முனை முன்னிருக்கும் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யலாம் என்பதால் மழுங்கிய முனையுள்ளவற்றையோ, நெகிழும் முனையுடன் தனியே செய்யப்பட்டவற்றையோதான் பயன்படுத்த வேண்டும். மழுங்கிய முனை காற்றில் விரைவாக வேகம் இழக்கும். நீண்ட தொலைவுக்கு அது ஏற்றதன்று. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் பெட்டி வடிவில் அமைந்த பிரவுனிங் பிஎல்ஆர் போன்ற லீவர் துப்பாக்கிகள் இந்தக் குறையைத் தீர்த்தாலும், எளிய விலை என்ற என் கேள்விக்கு விடையாவதில்லை. குழலை மடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி மலிவானது, கைபேதம் அற்றது; ஆனால் மேலே சொன்ன இரண்டாவது தோட்டாவின் கடமைக்கு அது உதவாது.

இனி விலைக்கு வருகிறேன். இடக்கைத் துப்பாக்கிகளே இல்லை என்று நான் கூறவில்லை. உயர்விலை நிறுவனங்கள் பலவற்றின் பட்டியலில் அவை உண்டு. பஞ்சம் அடிமட்ட விலைப் பிரிவில்தான். அங்கும் சேவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்ற சில விதிவிலக்குகள் உள்ளன என்றாலும், வலக்கையருக்கு ஒரே மாதிரியில் பல தோட்டா அளவுகளும் குழல் நீளங்களும் கட்டை வகைகளும் கிடைக்க, இடக்கையருக்கு அவற்றுள் ஒரு சிறு பகுதியே கிடைக்கிறது. தயாரிப்பாளர் தரப்பின் சிரமத்தையும் மறுப்பதற்கில்லை. குழல், விசை, தொலைநோக்கி, பல மாதிரிகளில் மேகசின் ஆகியவை இரு வடிவங்களுக்கும் பொதுவானவை. ஆனால் போல்ட்டும் அதைத் தாங்கும் ரிசீவரும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் மாற்றி அமைக்கப்பட வேண்டும். கணினி வழிக் கடைசல் எந்திரத்துக்கு இதைக் கற்பிப்பது பெரிய வேலையன்று. பிளாஸ்டிக் கட்டையை வார்க்கும் அச்சுதான் செலவை ஏற்றுகிறது. குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பொருளுக்குத் தனி அச்சு செய்தால், அச்சின் விலை ஒவ்வொரு துப்பாக்கியின்மீதும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

குறைந்த எண்ணிக்கை என்ற அந்தச் சொல்லைத்தான் நான் ஐயுறுகிறேன். என் முதல் துப்பாக்கி வலக்கையருக்கானது. இடக்கை வடிவம் கையிருப்பில் இல்லாததால் வாங்கியது. விற்பனைப் பதிவேட்டில் நான் ஒரு வலக்கையன். என்னைப்போல் கிடைத்ததை வாங்கிச் சமாளித்த ஒவ்வொருவரும் அந்தப் பதிவேட்டில் வலக்கையராகவே நிற்கிறார்கள். அதைப் பார்க்கும் தயாரிப்பாளர் தேவை இல்லை என்று முடிவு செய்கிறார். விற்பவர் கையிருப்பு வைக்க மறுக்கிறார். அடுத்து வரும் இடக்கையரும் வலக்கைத் துப்பாக்கியோடு வீடு திரும்புகிறார். பழைய துப்பாக்கிச் சந்தையிலும் இதே கதைதான்: புதிதாக விற்றது குறைவென்றால் பழையதாக வருவதும் குறைவாகத்தானே இருக்கும்? கைச்செலவுக்கு அஞ்சும் புதியவரும், முதன்முதலாகச் சுடப் பழகும் இளையவரும் நாடுவது அந்தச் சந்தையைத்தான்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ரெமிங்டன் நிறுவனம் 1967 முதல் 1983 வரை விற்ற 788 என்ற மாதிரி, அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற 700ஐவிட மலிவானது, அலங்காரமற்றது. ஆயினும் அதற்கு இடக்கை வடிவம் இருந்தது. எல்லாத் தோட்டா அளவுகளிலும் அதைத் தராமல் 6 மி.மீ. ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டில் மட்டுமே தந்தார்கள். இந்தக் கட்டுப்பாட்டை நான் குறையாகக் கருதவில்லை. மாறாக, அதுவே இன்றைக்கும் ஏற்ற வழி என்பேன். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமது மிக மலிவான மாதிரியில், பரவலாகப் புழங்கும் ஓரிரு தோட்டா அளவுகளில் மட்டும் இடக்கை வடிவத்தை ஆண்டுதோறும் ஒரு தொகுதியாகச் செய்து, அதன் காலத்தை முன்கூட்டி அறிவித்து, முன்பதிவு பெற்றுக்கொள்ளலாம். இரு பக்கத்துக்கும் பொருந்துமாறு சமச்சீராகக் கட்டையைச் செதுக்கினால் கன்னம் பதியும் மேட்டுக்கென்று தனி அச்சும் வேண்டாம். போல்ட் கைப்பிடி அமரும் வெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விற்பனையாளர்களோ, இடக்கை வடிவம் கேட்டு இல்லையென்று வேறு வாங்கியவர்களையும் வெறுங்கையோடு போனவர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

வாங்குவோராகிய எங்கள்மீதும் குற்றம் உண்டு. கேட்காமலே வாங்கினோம், கிடைக்காதபோது முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டோம். நான் இம்முறை .308இல் ஓர் இடக்கை ரைஃபிளுக்கு எழுத்து மூலம் முன்பதிவு செய்துள்ளேன். எப்போது வரும் என்று விற்பனையாளரால் சொல்ல முடியவில்லை. அதுவரை பழைய துப்பாக்கியைக் கண்ணாடி அணிந்துகொண்டே பயன்படுத்துவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடக்கை வாசகர் ஒருவர்