பழைய வீட்டின் பின்கட்டில் சர்பத், சோடா தயாரிக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
பங்காளிகள் நால்வர் சார்பில் மனுதாரர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: பூர்வீக வீட்டின் அடுப்படிக் கட்டை மட்டும் நன்னாரி சர்பத், பன்னீர் சோடா தயாரிக்கும் குறுந்தொழில் கூடமாக மாற்ற, துறைகளின் கூட்டு ஆய்வும் ஒரே முடிவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீடு தெருவுக்குத் தெரு ஓடும் பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவும் இன்றும் கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்று புழக்கத்தில் இருக்கின்றன. பின்தெருவைப் பார்த்த அடுப்படிக் கட்டுதான் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஊருக்கே சமைத்த இடம். கல் பாவிய தரை, நடுவில் திறந்த முற்றம், சொந்தக் கிணறு, பின்தெருவில் வண்டி வந்து நிற்க வாசல். அதில் நன்னாரி சர்பத்தும் கண்ணாடிப் பாட்டிலில் சோடாவும் தயாரித்து, காரைக்குடி, தேவகோட்டை கடைகளுக்கும் சுற்றுவட்டாரத்தில் பாரம்பரிய வீடுகளில் நடக்கும் விடுதிகளுக்கும் கொடுக்க நினைக்கிறோம். மதுவோ, பாட்டில் குடிநீரோ எங்கள் திட்டத்தில் இல்லை.

வேலை இன்னும் தொடங்கவில்லை, காரணம் காகிதம். தொழில் உரிமம் கேட்டால், கட்டடம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறது, முதலில் பயன்பாட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அதை மாற்றப் போனால், என்ன இயந்திரம், எத்தனை குதிரைத்திறன், ரசீது எங்கே என்கிறார்கள். இயந்திரம் வாங்க வங்கிக்குப் போனால், உரிமம் இருந்தால்தான் கடன் என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதை முதலில் வாங்குவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

இதைவிடப் பெரிய கவலை கட்டடத்தைப் பற்றியது. உணவு தயாரிக்கும் இடத்தின் சுவர் வழவழப்பாக, கழுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதற்காகச் சுவர் முழுக்க சிமென்ட் பூசி, கூரை வரை பளபள டைல்ஸ் ஒட்டச் சொல்லி வாய்மொழியாக யோசனை வந்தது. எங்களுடையது சுண்ணாம்புச் சுவர்; ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் சுவர். அதன்மேல் சிமென்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, சில மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். அப்படிப் பெயரும் சுவர் எந்தச் சுகாதார விதிக்கும் பொருந்தாது. எனவே சுவரைத் தொடாமல், அதிலிருந்து ஒரு முழம் தள்ளித் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் தடுப்பு நிறுத்தி, அதற்குள் காய்ச்சுவது, வடிகட்டுவது, நிரப்புவது எல்லாம் வைக்கிறோம். மேலே பூச்சி வலை, கீழே சாய்தளமும் வடிகாலும் இருக்கும். பிற்பாடு வேண்டாம் என்றால் தடுப்பைக் கழற்றிவிடலாம், வீடு பழையபடியே நிற்கும். வரைபடத்தில் இதைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறோம்.

சோடாவுக்கான கரியமில வாயு சிலிண்டர்களைப் பொருள் அறைக்குள் வைக்க மாட்டோம். அந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தேங்கி, மூடிய அறையில் ஆளை மயக்கிவிடும். ஆகவே முற்றத்து ஓரத்தில், நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு நிறுத்துகிறோம். மோட்டாரும் குளிரூட்டியும் சேர்ந்து 12 கிலோவாட்டுக்குள் அடங்கும். குறுந்தொழிலுக்கான 3-ஏ-1 மின் கட்டணத்துக்கு மாறச் சம்மதம். தண்ணீரில் பெரும்பங்கு பாட்டில் கழுவத்தான் போகும். அந்தக் கழிவு நீரைத் தெருச் சாக்கடையில் விடாமல், வண்டல் தொட்டி வழியாகத் தெளியவைத்துப் பின்புறத் தென்னைக்குப் பாய்ச்ச உத்தேசம். இது போதுமா, வேறு ஏதும் வேண்டுமா என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் இடத்தைப் பார்த்தே சொல்லட்டும்.

உரிமை ஆவணம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பகுதி வீடுகளில் பல ஒருவர் பெயரில் இருப்பதில்லை என்பது வருவாய்த் துறைக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டிலும் பங்காளிகள் நால்வர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். நால்வரின் ஒப்புதலும் இருக்கிறது. தனிப் பட்டா வேண்டும் என்று நின்றால் வீட்டையே பிரிக்க வேண்டியதாகும். பிரித்த வீடுகளின் தூணும் நிலையும் எங்கே போகின்றன என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. முன்கட்டை விடுதியாக்க முடிகிறது, வீட்டு அடுப்படியில் சீப்புச் சீடையும் முறுக்கும் சுட்டு வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. சர்பத்துக்கும் அதே அடுப்படி பொருந்தும் என்று நம்புகிறோம்.

தொழில் அனுமதிகளை எல்லாம் ஒரே இடத்தில் பெறும் ஒற்றைச் சாளர முறைக்கான சட்டம் 2018-லேயே வந்துவிட்டது. அதற்கான மாவட்டக் குழுவுக்குத் தாங்களே தலைவர். ஆகையால் மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி, நகர் ஊரமைப்பு, உணவுப் பாதுகாப்பு, மாசுக் கட்டுப்பாடு, மின்வாரியம் ஆகிய துறை அலுவலர்கள் ஒரே நாளில் வந்து இடத்தைப் பார்க்கவும், குறைகளை ஒரே தாளில் எழுதித் தரவும் உத்தரவிட வேண்டுகிறோம். அடுப்படிக் கட்டுக்கு மட்டும் பகுதிப் பயன்பாட்டு மாற்றம் தர இயலுமா என்பதையும், வங்கியில் காட்ட நிபந்தனையுடன் கூடிய கொள்கை அளவு ஒப்புதல் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு மறுத்தாலும் சரி, அதற்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்வோம். சோடா வியாபாரம் பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு இறங்கிவிடும். எனவே ஆய்வைத் தை மாதத்துக்குள் வைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: வீட்டு வரி ரசீது, வில்லங்கச் சான்று, பங்காளிகள் ஒப்புதல் கடிதங்கள், வரைபடம், கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்