மூடப்படும் மெதடிஸ்ட் ஆலயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் சிறுநகரங்களில் மூடப்பட்டுவரும், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்டு கிறிஸ்தவப் பிரிவின் ஆலயங்களை வீடுகளாக மாற்றுவது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கூரையின் உறுதியும் சன்னல்களின் உயரமும் அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. அந்தச் சுவர்களுக்குள் கூடியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படிப்பட்ட ஓர் ஆலயத்தின் சபையாரில் ஒருத்தியாக நெடுங்காலம் இருந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்த காலத்திலேயே எங்கள் ஆலயம் தளர்ந்திருந்தது. மேல்மாடத்துக்கு ஏறும் கதவு பூட்டியே கிடந்தது. கீழேயும் முன்வரிசைகளில் யாரும் உட்காருவதில்லை. ஆனால் ஆர்கன் ஒலித்ததும், முதியவர்களே மிகுந்திருந்த அந்தச் சிறு கூட்டம், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தம்பி சார்லஸ் வெஸ்லியின் ஞானப்பாட்டுகளைப் புத்தகத்தைப் பாராமலே நான்கு குரல்களில் பிரித்துப் பாடும். அவர் 6000க்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதியவர். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர்களுக்கும் இறையியலைக் கற்பித்தவை அந்தப் பாட்டுகளே என்பது அவர்கள் பாடக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு போதகர் பல ஆலயங்களைக் கொண்ட சேகரம் முழுவதையும் கவனிக்க வேண்டியிருந்ததால், பெரும்பாலான ஞாயிறுகளில் பிரசங்கபீடத்தில் ஏறியவர்கள் ஊதியம் பெறாத உள்ளூர்ப் பிரசங்கிகள்தாம். எந்த வாரம் எந்த ஆலயத்தில் யார் பேசுவது என்பதைக் காட்டும் 'பிளான்' என்ற அட்டவணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சாகி வரும். அது எங்கள் வீடுகளில் அடுக்களைச் சுவரில் தொங்கும். வாரமெல்லாம் மாடு மேய்த்தவரும் கடையில் நின்றவரும் ஞாயிறன்று எங்களுக்கு வேதம் விளக்கினார்கள். பேசவும் கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் ஏழைகள் பழகிய இடம் அது. கூலிக் குறைப்பை எதிர்த்துச் சங்கம் அமைத்ததால் 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டால்பட்டில் ஊர்ப் பண்ணைத் தொழிலாளர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் இத்தகைய ஒரு பிரசங்கியே என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாகக் கருதுவது, சபையார் ஒரு தலைவரின் கீழ்ச் சிறு குழுக்களாகக் கூடும் வகுப்புக்கூட்டம். 1742இல் பிரிஸ்டல் நகர ஆலயத்தின் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று ஆளுக்கு ஒரு பென்னி வாங்குவது என்று தீர்மானித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் அந்தந்த வீட்டின் நோயையும் சண்டையையும் பசியையும் நேரில் கண்டு வந்து சொல்ல, ஜான் வெஸ்லி அதையே சபையின் பராமரிப்பு முறையாக ஆக்கினார். எங்கள் காலத்தில் கூட்டம் நின்றுபோயிருந்தாலும் வீடு தேடி வரும் வழக்கம் நிற்கவில்லை. என் குழந்தை காய்ச்சலில் கிடந்த நாட்களில் எங்கள் வகுப்புத் தலைவியான மூதாட்டி மழையில் நடந்து வந்து, நான் சற்றுத் தூங்கும்படி குழந்தையின் அருகே அமர்ந்திருந்தார்.

ஆலயங்கள் மூடப்படுவதற்கு மக்களின் இறைநம்பிக்கைக் குறைவு ஒன்றையே காரணமாகச் சொல்வது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகள் பல பிரிவுகளாகப் பிரிந்து, ஒரே தெருவில்கூடத் தனித்தனி ஆலயங்களைக் கட்டிக்கொண்டனர். 1932இல் மூன்று பெரும்பிரிவுகள் ஒன்றாக இணைந்தபோது சபை ஒன்றானது. கட்டடங்கள் அப்படியே நின்றன. தாத்தாவின் பெயர் பொறித்த அஸ்திவாரக் கல்லை விட்டு அடுத்த ஆலயத்துக்குப் போக யாருக்கு மனம் வரும்? இளையவர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட, எஞ்சிய சிலரின் காணிக்கை முழுவதும் கூரைக்கே செலவானது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். 1814இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையில் வந்திறங்கினர். அவர்களுள் மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஆல்ட் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. யாழ்ப்பாணத்திலும் மன்னார்குடியிலும் அந்த மிஷனின் பள்ளிகள் எழுந்தன. அந்தப் பணிக்கான பணத்தில் இத்தகைய சிறு ஆலயங்களின் எளிய மக்கள், சிறுவர்கள் உட்பட, சேர்த்த சில்லறையும் உண்டு. அங்கே படித்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர்.

எல்லா ஆலயங்களையும் காப்பாற்ற முடியாது என்பதை ஏற்கிறேன். கட்டடம் வீடாவதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாவியை ஒப்படைக்கும் முன்பே ஞானஸ்நானப் பதிவேடுகளும் பழைய பிளான்களும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எஞ்சியிருக்கும் மூத்த அங்கத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தங்கள் வாசகர்களில் இத்தகைய சபைகளில் இருந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுடைய நினைவுகளைக் கேட்டு வாங்கி வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகி