மாஹுவா இலக்கியப் பக்கங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலேசியச் சீன நாளேடுகளின் இலக்கியப் பக்க ஆசிரியர்களுக்கும், பரிசுக் குழுவினருக்கும், நூல் வெளியீட்டுக்கு நிதி தரும் குலச் சங்கத்தாருக்கும்,

வணக்கம். மாஹுவா இலக்கியத்தில், அதாவது மலேசியச் சீனர் சீன மொழியில் எழுதும் இலக்கியத்தில், விமர்சனம் இல்லை என்ற புலம்பல் ஓய்ந்தபாடில்லை. ஆள் பஞ்சத்தால் வந்த குறை இது என்று நாங்கள் நினைக்கவில்லை. பக்க ஒதுக்கீடு, பணம் வரும் வழி, பழைய தாள்களின் நிலை ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய குறை. இவை உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறோம்.

இலக்கிய வரலாற்றாசிரியர் ஃபாங் சியூ சிங்கப்பூரில் 1970 முதல் 1972 வரை கொண்டுவந்த பத்துத் தொகுதித் திரட்டை எடுத்துப் பாருங்கள். 1919 முதல் 1942 வரையான மலாயாச் சீன எழுத்து அதில் இருக்கிறது. முதல் இரண்டு தொகுதிகளும் கோட்பாடும் விமர்சனமும். கதைகளுக்கு அதன் பிறகே இடம். மலாயாச் சீன எழுத்து சீனாவின் கிளையா, இந்த மண்ணுக்கே உரியதா என்று 1947, 1948 ஆண்டுகளில் நடந்த வாதம் நாளேடுகளிலும் சிற்றிதழ்களிலும் அனல் பறக்க நடந்தது. அந்தச் சூடு எங்கே போயிற்று?

ஒரு காரணம் பணம். 1971ஆம் ஆண்டு தேசியப் பண்பாட்டு மாநாட்டையொட்டி, மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம் என்ற நிலை இறுகியது. சீனமும் தமிழும் 'இனவாரி இலக்கியம்' என்று ஒரே மூலையில் ஒதுங்கின. அரசு கைகொடுக்காத இடத்தை நாளேடுகளும் குலச் சங்கங்களும் நிரப்பின. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் நூலாசிரியர், நிதி தந்தவர், மதிப்புரை எழுதுபவர் மூவரும் ஒரே விருந்து மேசையில் உட்கார்ந்தால் யார் வாய் திறப்பார்?

அதனால்தான் முன்னுரை விமர்சனத்தின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நூலாசிரியரே கேட்டு வாங்குவது முன்னுரை. மூன்றாம் அத்தியாயம் தொய்கிறது என்று அதில் எழுத முடியாது. அதையே நாளேடு எடுத்து மதிப்புரையாகப் போடுவதை நிறுத்துங்கள். அச்சான நூலை, ஆசிரியர் கை காட்டாத ஒருவரிடம் கொடுங்கள். குறைந்தது 2,000 சீன எழுத்துகளுக்கு இடம் வேண்டும். 800இல் அறிமுகமும் கதைச் சுருக்கமும் வாழ்த்தும் போக எதுவும் மிஞ்சாது. பக்க எண்ணோடு மூன்று மேற்கோளாவது கேளுங்கள். நூலைப் புரட்டாமல் எழுதியவர் அங்கேயே பிடிபடுவார். சம்பளத்தை எழுத்து எண்ணிக் கொடுக்காதீர்கள். 300 பக்க நாவலைப் படித்து எழுதியவருக்கும் ஒரு மாலையில் அனுபவக் கட்டுரை எழுதியவருக்கும் ஒரே தொகை என்றால், எல்லோரும் இரண்டாவதைத்தான் எழுதுவார்கள்.

மறுப்புக்கும் விதி வேண்டும்: இரண்டு வாரத்துக்குள் ஒரு மறுப்பு, அதற்கு ஒரு பதில், அத்தோடு சரி. 1997இல் எழுத்தாளரும் விமர்சகருமான இங் கிம் சியூ, மூத்த எழுத்தாளர் ஃபாங் பெய்ஃபாங்கின் யதார்த்தவாதத்தைக் கடுமையாக ஆராய்ந்தபோது, பேச்சு நாவல்களைவிட்டு மரியாதைக் கணக்குக்கு நழுவியது. அவர் சொன்னது சரியா என்று நாவலைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. (இங் கிம் சியூவின் தொனி எங்களுக்கும் சில இடங்களில் உறுத்துகிறது, அது வேறு விஷயம்.)

பரிசுக் குழுவினருக்கு ஒரு சொல். நடுவர்களின் விவாதத்தை நாளேட்டில் அச்சிடும் ஹுவாசோங் பரிசின் (சின் சியூ நாளேடு நடத்தும் சீன இலக்கியப் பரிசு) வழக்கம் அருமையானது. இன்றைக்கு வரும் விமர்சனத்தில் ஒளிவுமறைவில்லாத பகுதி அதுதான். ஆனால் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் நடுவருக்கு மழைக்காடும் ரப்பர் தோட்டமும் புதுமையாகப் படும். போட்டிக்கு எழுதுபவர் அதை மோப்பம் பிடித்துக் காட்டை இன்னும் அடர்த்தியாக்குவார். 'பசார்', 'கம்போங்' போன்ற மலாய்ச் சொற்களைச் சீன எழுத்தில் எழுதுவது இங்கே அன்றாட மொழி. வெளியிலிருந்து வருபவர் அதை அலங்காரமாகவோ பிழையாகவோ எண்ணிவிடலாம். ஒவ்வொரு பிரிவிலும் உள்ளூர் நடுவர் இருவராவது இருக்கட்டும்.

இனி பழைய தாள்கள். செங்குத்தாக அச்சான நாளேட்டைக் கட்டிய தொகுப்பிலிருந்து படமெடுத்தால், நடு மடிப்பு உள்வரிசையை விழுங்கிவிடும். கிடைவரி எழுத்தில் ஒவ்வொரு வரியின் நுனியும் அறுந்திருக்கும், பார்த்ததும் தெரியும். செங்குத்து எழுத்தில் முழு வரியே காணாமல் போகும், மிச்சம் ஒழுங்காக நிற்கும். வாக்கியம் தற்செயலாகப் பொருந்திவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஆகவே கட்டைப் பிரித்துப் படமெடுங்கள். முடியாதபோது வரிசைகளை எண்ணிக் குறித்து வையுங்கள். பழைய சீன மரபெழுத்தை இன்றைய எளிய சீன எழுத்துக்கு மாற்றி அச்சிடுவதிலும் கவனம் தேவை: 'அரசி'க்கும் 'பிறகு'க்கும் எளிய எழுத்தில் ஒரே வடிவம். மூலப் படம் கூடவே இல்லாவிட்டால் பின்னால் திருத்த வழியில்லை.

புனைபெயர் அட்டவணை இல்லாமல் இதெல்லாம் வீண். ஜின் ஜிமாங் என்பவரின் இயற்பெயர் சென் ஷூயிங். ரூ யிங் என்ற பெயரில் கதை எழுதியவரும், 1947–48 வாதத்தில் ஜோ ரோங் என்ற பெயரில் மோதியவரும் அவரேதான். அட்டவணையில் இவர்கள் வெவ்வேறு ஆட்களாக நின்றால், தன் கொள்கையைத் தன் கதையிலேயே அவர் கடைப்பிடித்தாரா என்ற கேள்வியே எழாது. அந்த இரண்டு ஆண்டுகளின் இணைப்பிதழ்களிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
மலேசியாவின் சீன, தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கும் சிலர்