‘கேஎச் ஏற்றாது’ என்று அச்சிட்டு விற்கும் அலங்கார இறால் தொட்டித் தாதுப்பொடி பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 200 கிராம் தாதுப்பொடி டப்பாவின் லேபிளில் உள்ள இரண்டு தவறுகள்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடலூர், புதுச்சேரி போன்ற கரையோர ஊர்களில் கிரிஸ்டல் ரெட் என்ற அலங்கார இறால் வளர்க்கும் தொட்டிக்குப் போர் தண்ணீர் ஒத்துவராது. உப்புகளை வடிகட்டி நீக்கிய ஆர்ஓ தண்ணீர்தான் கைக்கெட்டும் வழி. அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சேர்க்காவிட்டால் இறாலால் ஒழுங்காகத் தோலுரிக்க முடியாது. ஆகவே உங்கள் டப்பாவில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பித்தான் இங்கே பொடி கரைக்கிறார்கள்.

“ஜிஎச் மட்டும் ஏறும், கேஎச் ஏறாது, கிரிஸ்டல் ரெட்டுக்கு ஏற்றது” என்கிறது லேபிள். ஜிஎச் என்பது தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு; கேஎச் என்பது கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு. ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) 12, ஜிஎச், கேஎச் இரண்டும் 0. நீங்கள் சொன்னபடி 10 லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஒரு மணி நேரம் காற்று விட்ட பின் டிடிஎஸ் 117, ஜிஎச் 4, கேஎச் 3. சொட்டு சோதனையை மூன்று முறை செய்தும் அதே அளவுதான். சந்தேகம் இருந்தால் அரை ஸ்பூன் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்குகிறது. கால்சியம் குளோரைடு, கால்சியம் சல்பேட், மக்னீசியம் சல்பேட் மட்டும் இருந்தால் நுரைக்கவே நுரைக்காது. கார்பனேட்டோ பைகார்பனேட்டோ கலந்திருக்கிறது. இது செர்ரி என்ற வேறு வகை இறாலுக்கான கலவை; டப்பா மாறி அடைபட்டிருக்க வேண்டும்.

செர்ரிக்கு கேஎச் 3 கெடுதல் இல்லை. கிரிஸ்டல் ரெட்டுக்கு அது 0 அல்லது 1, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6 முதல் 6.5 வரை, ஜிஎச் 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். பிஎச்சை அந்த அளவில் பிடித்து வைப்பது தொட்டியின் அடியில் போடும் ஆக்டிவ் சாயில் என்ற மண்தான். ஊற்றும் தண்ணீரில் கேஎச் இருந்தால் அதை உறிஞ்சி உறிஞ்சியே மண்ணின் சத்து தீர்ந்துவிடும். ஓராண்டுக்கு மேல் தாங்க வேண்டிய மண் பிப்ரவரியில் போட்டு ஜூனிலேயே ஓய்ந்தது. பிஎச் 6.2லிருந்து 7.4க்கு ஏறிவிட்டது.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீரிலும் பொடி கலக்கச் சொல்கிறீர்கள். தண்ணீர்தான் ஆவியாகும், தாது தொட்டியிலேயே நிற்கும்! ஈடுகட்ட வெறும் ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். பொடி கலந்த தண்ணீர், பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும். கோடையில் இங்கே சூட்டைத் தணிக்கத் தொட்டிமேல் ஃபேன் ஓடும்; 40 லிட்டர் தொட்டியில் நாளுக்கு முக்கால் லிட்டர் குறையும். வாரம் 4 லிட்டர் மாற்றியும் ஐந்து மாதத்தில் ஜிஎச் 8, டிடிஎஸ் 245.

30 இறாலில் 19 செத்தன. பெரும்பாலானவற்றில் தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம். தோலுரிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் போனதற்கு அதுவே அடையாளம். அமோனியா 0, நைட்ரைட் 0, வெப்பம் 24 டிகிரி. இறாலுக்கு நஞ்சான செம்பு கலந்த மீன் மருந்தோ செடி உரமோ தொட்டியில் படவில்லை. அந்த அறையில் கொசுவிரட்டி திரவமும் ஏற்றுவதில்லை.

டப்பாவின் விலை 850 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியம், இதே தொகுதி எண்ணுள்ள டப்பாக்களை கடைகளிலிருந்து உடனே திரும்பப் பெறுவது. வாங்கியவர்கள் இன்றும் இதைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஈடுகட்டும் தண்ணீர் பற்றிய வரியை எல்லா டப்பாவிலும் திருத்துங்கள். அந்த வரி செர்ரி இறாலையும் கொல்லக்கூடும்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்திலும் முறையிடுவேன். மீதிப் பொடியைச் சோதனைக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் பாதியைத் தருகிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், லேபிள் படம், சோதனை அளவுகள்.