மல்லிகாவுக்கு, பழைய வேன் வாங்கும் முன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே பெரியவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள், சின்னவனுக்கு நீச்சல் பைத்தியம், அவருக்கு வேலை முன்னைவிடக் கூடிவிட்டது, மற்றபடி எல்லோரும் சுகம்.

மாமனார், மாமியார் ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள், ஐந்து பேர் காரில் இனி அடங்காது, ஓடிய மினிவேன் ஒன்று விலைக்கு வருகிறது, உங்கள் மினிவேன் உங்களை அந்தப் பாடு படுத்தியதே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வாங்கு. ஆனால் எங்களுக்கு நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு வாங்கு, போனில் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

முதல் தடவை பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஹாரிஸ்பர்க் தாண்டினால் மலையேற்றமும் சுரங்கமும் மாறி மாறி வருமே, அங்கே ஏற்றத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவே இல்லை. கடைசியில் இரண்டாம் கியரை விட்டு நகர மாட்டேன் என்றது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, ஓரமாகவே ஊர்ந்து ஒரு எக்ஸிட்டில் இறங்கி, டோ வண்டியைக் கூப்பிட்டு வீடு வந்து சேர்ந்தோம். வொர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லி, பழையதைப் பிரித்துப் புதுப்பித்த ஒன்றை மாட்டினார்கள். நாலாயிரம் டாலருக்கு மேல் ஆனது. அடுத்த வருடமே அதே உதறல். வாரண்டி இருந்ததால் கியர்பாக்ஸ் இலவசம், கூலி நாங்கள் கொடுத்தோம். அதற்கும் பிறகு இன்ஜின் பக்கம் தொடங்கியது: இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவம் குறைந்துகொண்டே போகிறது, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, ஒரு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது சூடு காட்டும் முள் மேலே போய் வெள்ளைப் புகை வந்துவிட்டது. இன்ஜினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் காஸ்கெட், போச்சு. அந்த வொர்க்‌ஷாப்காரர் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது, "இந்த மாடலே அப்படித்தான், வேறு வண்டி பாருங்கள்."

எனக்கு ஆத்திரம் பணத்தால் மட்டும் வரவில்லை. இயந்திரவியல் படித்தவர்கள் நாம், ஒரு பாகம் திரும்பத் திரும்பப் போனால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்றுதானே படித்தோம். அந்தக் காரணத்தை அங்கே ஒருவரும் தேடவே இல்லை.

தேடியவர் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு வயதான மெக்கானிக். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைப் பேப்பர் டவலில் வைத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார். நல்ல கியர் ஆயில் தெளிந்த சிவப்பாக இருக்கும், கருகியிருந்தால் பழுப்பாகித் தீய்ந்த வாடை அடிக்கும், இது இரண்டும் இல்லை, ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. அதாவது ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலைக் குளிர வைக்கும் கூலர், நிறைய வண்டிகளில் கூலன்ட்டை ஆற வைக்கும் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு மெல்லிய உலோகச் சுவர்தான். அது அரித்துப்போனால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும், உள்ளே கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசை தண்ணீர் பட்டு விட்டுவிடும், பட்டை உரிந்து வரும். அதே சமயம் இன்ஜினுக்குப் போதுமான கூலன்ட் இல்லாமல் சூடேறும். கியர்பாக்ஸ் இரண்டு, ஹெட் காஸ்கெட் ஒன்று, எல்லாவற்றையும் கொன்றது அந்த ஒரு ரேடியேட்டர். அதை மட்டும் ஒருவரும் கழற்றிப் பார்க்கவே இல்லை.

புது ரேடியேட்டர் போட்டு, கியர் ஆயிலுக்குத் தனியாக வெளியே ஒரு கூலர் வைத்து, குழாய்களையெல்லாம் மாற்றி, அப்புறம்தான் அவர் மூன்றாவது கியர்பாக்ஸைத் தொட்டார். இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் பழையதை விடவில்லை, பழைய துகள்கள் அதற்குள் தங்கிவிட்டால் புதியதையும் அரைத்துவிடும் என்றார். வண்டி இன்று வரைக்கும் ஓடுகிறது.

மினிவேன்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை என்று அப்புறம் நிறையப் படித்தேன். கிரைஸ்லர் 1983 கடைசியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதே, கார் மாதிரி முன்சக்கரம் இழுக்கிற, இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காக ஒரே இடத்தில் நெருக்கி வைத்த அமைப்புதான். அந்த இடுக்குக்குள் வருகிற சூடு சாதாரணமில்லை. பின்னால் வந்த பெரிய வேன்கள் காலியாகவே ஏறக்குறைய இரண்டு டன், ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் இரண்டரை டன்னைத் தாண்டும்.

ஆனால் பேர்போன கோளாறுகளை எடுத்துப் பார், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 1989-இல் கிரைஸ்லர் போட்ட அல்ட்ராடிரைவ் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் தேவை, எங்கும் கிடைக்கிற டெக்ஸ்ரான் வகை ஆயிலை ஊற்றிக் கெட்டவை ஏராளம். 2004 ஏப்ரலில் ஹோண்டா சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஒடிசி மினிவேனும் அதில் உண்டு. இரண்டாம் கியர் அதிகமாகச் சூடாகிப் பல் உடைந்து கியர்பாக்ஸ் பூட்டிக்கொள்ளும் அபாயம். அதிகம் ஓடாத வண்டிகளுக்கு அந்தக் கியரின் மேல் ஆயில் படுகிற மாதிரி ஒரு வழி செய்து கொடுத்தார்கள், கூடுதலாக ஓடியவற்றைத் திறந்து பார்த்து, கியர் நிறம் மாறியிருந்தால் கியர்பாக்ஸையே மாற்றினார்கள். டொயோட்டாவின் 1997 முதல் 2002 வரையிலான சில இன்ஜின்களில், சியன்னா மினிவேனின் வி6 உட்பட, ஆயில் களியாகிப்போன தொல்லைக்கு எட்டு வருடம் வரை பழுது பார்த்துத் தருவதாக நிறுவனமே முன்வந்தது. ஆக "மாடலே அப்படி" என்பது பதிலே இல்லை, மல்லிகா. குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போகிற வண்டிக்கு அந்தப் பதிலை நீ ஏற்றுக்கொள்ளவே கூடாது.

நீ பார்த்து வைத்திருக்கும் வண்டிக்கு வருகிறேன். முதலில் அதன் அடையாள எண்ணான வின் எண்ணை வாங்கி, நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகமான நிட்சாவின் தளத்தில் போட்டு ரீகால், அதாவது நிறுவனம் திரும்ப அழைத்துச் செய்யும் பழுது வேலை, பாக்கி இருக்கிறதா பார். ரீகால் என்றால் நீ எத்தனையாவது சொந்தக்காரி என்றாலும் டீலர் இலவசமாகச் செய்ய வேண்டும், வண்டி முதலில் விற்று 15 வருடம் ஆகும்வரை. வாரண்டி நீட்டிப்பு வேறு, அதற்கு வருடக் கணக்கும் மைல் கணக்கும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

பார்க்கப் போகும் அன்று வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆறிய வண்டியில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க முடியும், கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கிறதா பார்க்கலாம். டிப்ஸ்டிக் இருந்தால் பேப்பர் டவலில் துடைத்துப் பார். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது, அப்போது ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல், நூறு, இருநூறு டாலர் கேட்பார்கள், கொடு. வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் மாற்றிய ரசீதைக் கேள், அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். 1996-க்குப் பிந்தைய எந்த வண்டியிலும் டாஷ்போர்டுக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் மாட்டிக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கிற ரீடர் எங்களிடம் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்று மட்டும் பார்த்து நம்பிவிடாதே. விற்பதற்கு முதல் நாள் கோளாறுக் குறியீடுகளை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி அழித்திருந்தால் ரீடரில், வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் பாதி "தயாராக இல்லை" என்று காட்டும். அப்படிக் காட்டினால் அந்த வண்டியை விட்டுவிடு, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

பட்ஜெட் இடம் கொடுத்தால் 2021-க்குப் பிந்தைய சியன்னாவையும் பார். அது ஹைபிரிட் மட்டும்தான், உள்ளே டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, கருகுவதற்குக் கிளட்ச் தட்டுகளும் இல்லை. விலைதான் ஜாஸ்தி.

எந்தச் சனிக்கிழமை போகிறாய் என்று எழுது. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றமான சாலை ஒன்றில் கட்டாயம் ஓட்டிப் பார், உதறுகிறதா என்று கவனி. சந்தேகம் இருந்தால் அங்கிருந்தே கூப்பிடு, வீடியோவில் காட்டு, நானும் பார்க்கிறேன். அத்தைக்கு மூட்டுவலி என்றாயே, படியின் உயரத்தையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தி